காராமணி தின்னிகள்

பமாகோ, ஜனவரி 8, 1996

அன்புள்ள வாசா அக்காவுக்கு, தம்பி சூமானா ஜாரா எழுதுவது.

அக்கா சமாதானமா? மச்சான் சமாதானமா? பிள்ளைகள், கழுதை, கோழிகள், காளைகள், கிணறு எல்லாம் சமாதானமா? இங்கே அல்லாஹ்வின் அருளால் நானும் நலம். கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் என்னோடு சண்டையில் இருக்கிறது.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

இரண்டு வருஷமாக இங்கே பதலாபுகு பேட்டையில் ஒரு மரத்தடியில் நண்பர்களோடு உட்கார்ந்து தேநீர் கொதிக்க வைத்ததைத் தவிர உங்கள் தம்பி வேறொன்றும் கிழிக்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லி வருத்தப்பட்டீர்கள். அது பொய்யும் இல்லை. முதல் கொதி கசப்பு, மூன்றாவது கொதி இனிப்பு, அதோடு ஒரு நாள் முடிந்துவிடும். வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் உனக்கு யாரைத் தெரியும் என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் என்னை மட்டும்தான் தெரியும். அப்புறம் எப்படி வேலை கிடைக்கும்?

இப்போது ஹாஜியார் பூராமா திராவோரேயிடம் இருக்கிறேன். சர்க்கரை, அரிசி, சிமெண்டு எது பமாகோவுக்குள் வந்தாலும் அவர் கிடங்கில் படுத்து எழுந்துதான் கடைக்குப் போகும். அப்பேர்ப்பட்ட மனிதர். அவரைப் பார்க்க யார் வந்தாலும் முதலில் என்னைத்தான் பார்க்க வேண்டும். என்னைத் தாண்டி உள்ளே போனவர்கள் குறைவு. ஹாஜியார் மாடி ஜன்னலில் நின்று தினமும் என் வேலையைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார். நீல அங்கி ஒன்றும் தைத்துக் கொடுத்திருக்கிறார்.

மச்சானிடம் சொல்லுங்கள், அவர் குலத்துத் திராவோரே ஒருவர் நம் குலத்து ஜாரா ஒருவனுக்குச் சோறு போடுகிறார். உலகம் இப்போதுதான் சரியான பக்கம் திரும்பியிருக்கிறது. பஸ் ஓட்டுநரிடம் சர்க்கரையும் தேயிலையும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். காராமணி அனுப்பவில்லை. அது மச்சான் வீட்டில் எப்போதும் நிறைய இருக்குமே.

உங்கள் தம்பி,
சூமானா


கோலோபுகு, ஜனவரி 30

தம்பி சூமானாவுக்கு அக்கா வாசா எழுதுவது.

எல்லோரும் சமாதானம். பல்லில் கிராம்பு வைத்துக் கடி. கடிக்கிற நேரமாவது உன் வாய் மூடியிருக்கும்.

பருத்திச் சங்கத்து எழுத்துப் பள்ளியில் நான் கற்ற எழுத்துக்கு இதுவரை வேலை இல்லாமல் இருந்தது. உன் கடிதத்தைக் கிணற்றடியில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நேற்று வரைக்கும் எனக்கு வழிவிடாத பெண்கள் என் குடத்தை முதலில் நிரப்பச் சொன்னார்கள். உன் மச்சான் திராமானேவுக்கும் வாசித்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “ஜாராவுக்கு வேலையா? அப்போ அந்த ஹாஜியார் காராமணி மூட்டைக்குப் பூனையைக் காவல் வைக்கிறதுக்குப் பதிலா எலியை வச்சிருக்காரு. பாவம், நல்ல மனுஷன். நம்ம ஆளு வேற.” இத்தனை பேசுகிறவர் வீட்டில் நான் காராமணி வேக வைத்தால் கதவைச் சாத்திவிட்டுத்தான் சாப்பிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். ஜாரா குலத்தான் ஒருவன் பார்த்துக் காராமணி தின்னி என்று சொல்லிவிட்டால் திராவோரே மானம் போய்விடுமாம். நான் யார் குலத்தில் பிறந்தவள் என்பது அந்த நேரத்தில் மறந்துவிடும்.

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டேன். என்ன வேலை என்று அதில் எங்கேயும் இல்லை. கணக்குப்பிள்ளையா, செயலாளரா? ஊரில் கேட்டால் செயலாளர் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மச்சானின் சித்தப்பா மகன் பாகோரோவை உன்னிடம் அனுப்புகிறேன். திடமான ஆள், எத்தனை மூட்டையானாலும் தூக்குவான். ஹாஜியாருக்குச் சொந்தக் குலத்தான். ஒரு வார்த்தை சொல்லி உள்ளே அழைத்துக்கொண்டு போ.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. பருத்திக்கு விலை சரியில்லை. வெள்ளைக்காளை ஓய்வெடுக்கிறது. அதை நினைத்து நீ கவலைப்பட வேண்டாம்.

அக்கா,
வாசா


பமாகோ, பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

சமாதானம்தானே? பல் சமாதானத்துக்கு வந்துவிட்டது. கிராம்புக்கு நன்றி.

பாகோரோ வந்தார். தங்கமான மனிதர். அன்று பார்த்து ஹாஜியாருக்குத் தலைவலி. மறுநாள் பிரயாணம். அதற்கு மறுநாள் தலைவலி திரும்பி வந்துவிட்டது. பெரிய மனிதர்களின் தலை நம் தலையைப் போல இல்லை அக்கா. வாசலில் நடந்ததைப் பற்றிப் பாகோரோ ஏதாவது சொன்னால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் கதை கட்டுகிறவர் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஒரு வேண்டுகோள். இனிமேல் ஆள் அனுப்பாதீர்கள். முக்கியமாகத் திராவோரேக்கள் வேண்டாம். ஜாராக்களும் வேண்டாம். வேறு குலத்தார் என்றால்கூட யோசித்துத்தான் அனுப்ப வேண்டும்.

வெள்ளைக்காளை ஓய்வெடுப்பது நல்லதுதான். கொடுத்துவைத்த மாடு. இந்த ஊரில் யாருக்கு ஓய்வு? என்னோடு அறையில் படுக்கிற ஆறு பேரும் புரண்டு படுக்கக்கூட ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உங்கள் தம்பி,
சூமானா


கோலோபுகு, மார்ச் 16

செயலாளர் அவர்களுக்கு அக்கா வாசா எழுதுவது.

எல்லோரும் சமாதானம். நீயும் உன் நீல அங்கியும் சமாதானமா?

பாகோரோ சிரித்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தான். வேலை கிடைத்த சிரிப்பு என்று நினைத்துக் கோழி அடிக்கப் போனேன். நல்ல வேளை, கோழி கையில் சிக்கவில்லை. அவன் சொன்னது இது.

“அண்ணி, உங்க தம்பிதான் வாசல்ல நிக்கிறாரு. நான் திராவோரேன்னு வாயெடுத்ததுதான் தாமதம். ‘வாய்யா காராமணி மூட்டை. நீ பஸ்ஸ விட்டு இறங்குனப்பவே உன் வயித்துச் சத்தம் ஆத்துப் பாலம் தாண்டி இங்க கேட்டுச்சு. உன்னை உள்ள விட்டா ஹாஜியார் வீட்டுக் கூரைக்கு யாரு பொறுப்பு?’ அப்படின்னாரு. அங்க நின்ன எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே பஸ் நிலையம் வந்துட்டேன். பஸ்ஸுல உக்காந்தப்புறம்தான் வேலை கேக்கவே இல்லையேன்னு ஞாபகம் வந்துச்சு.”

இந்த வாய் உன்னை ஒருநாள் சிறைக்கு அனுப்பும் என்று அம்மா சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். சம்பளத்துக்கு அனுப்பியிருக்கிறது. இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். எனக்குத்தான் கிணற்றடியில் தலைகாட்ட முடியவில்லை. என் குடம் மறுபடியும் கடைசிக்குப் போய்விட்டது.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. வாசலில் நின்று ஒருவன் வாயடித்தால் அதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? அதை எழுது.

கருங்காளையும் வெள்ளைக்காளைக்குத் துணையாக ஓய்வெடுக்கப் போய்விட்டது. கொட்டில் சுத்தமாக இருக்கிறது.

அக்கா,
வாசா


பமாகோ, ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

சமாதானம் விசாரிக்க எனக்கு முகமில்லை. இருந்தாலும் விசாரிக்கிறேன். சமாதானமா?

குட்டு உடைந்துவிட்டது, இனி எனக்கு மறைக்கிற வேலை மிச்சம். உள்ளதைச் சொல்கிறேன்.

நானும் ஹாஜியார் வாசலுக்கு வேலை கேட்டுத்தான் போனேன். விடிந்ததிலிருந்து வரிசை. எனக்கு முன்னாலும் பின்னாலும் திராவோரேக்கள். ஒருவருக்குப் பிள்ளையின் பள்ளிச் செலவு, ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு மகள் கல்யாணம், மற்றவர்களுக்கு வேலை. எனக்கோ பசி. பசி வந்தால் என் வாய் சும்மா இருக்காது, உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் நின்றவரை இரண்டு கேலி பேசினேன். அவர் திருப்பிப் பேசினார். வெயில் உச்சிக்கு வருவதற்குள் பாதி வரிசை சிரித்துக் கலைந்துவிட்டது. மாடி ஜன்னல் திறந்தது. “யாருப்பா அந்த ஜாரா? மேல வரச் சொல்லு” என்றார் ஹாஜியார்.

அவருடைய கஷ்டம் இதுதான் அக்கா. சொந்தக் குலத்தான் வந்து கேட்டால் இல்லை என்று சொல்ல அவருக்கு நா எழாது. சொன்னால் பணம் வந்ததும் கண் மறைத்துவிட்டது என்று ஊர் பேசும். எல்லோருக்கும் கொடுத்தால் கிடங்கில் எலிதான் மிஞ்சும். ஒரு திராவோரே இன்னொரு திராவோரேயைப் பார்த்துப் போ என்றால் அது பகை. அதையே ஒரு ஜாரா சொன்னால் சிரிப்பு. இதைப் பமாகோவில் முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் ஹாஜியார்தான்.

நம் ஜாராக்கள் வந்தால் அவரே படியிறங்கி வருவார். நாலு காராமணி வசவு வைத்து அனுப்பிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேலே போவார். அந்த வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. நாள் முழுக்க அவர் முகம் மலர்ந்து நான் பார்ப்பது அப்போது மட்டும்தான்.

போன வாரம் சிமெண்டு விற்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் வாசலில் நடப்பதைப் பார்த்துப் பதறிப்போய் போலீஸைக் கூப்பிடச் சொன்னார். கணக்கர் அவரை உட்கார வைத்து, ஐயா, இவர்கள் கேலிமுறை உள்ள குலத்தார், பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து எவ்வளவு திட்டிக்கொண்டாலும் கோபப்படக் கூடாது, கோபப்பட்டவன்தான் தோற்றவன் என்று விளக்கினார். வெள்ளைக்காரர் யோசித்துவிட்டு, அந்த மாதிரி ஒரு குலம் தன் மாமியாருக்கும் கிடைக்குமா என்று கேட்டாராம்.

குலிபாலி குலத்தார் அதிகம் வர ஆரம்பித்ததும் ஹாஜியார் அவர்களோடு கேலிமுறை உள்ள கெய்த்தா குலத்தான் ஒருவனைத் தேடினார். என் தேநீர் மரத்தடி நண்பன் ஒருவன் கெய்த்தா, அவனைச் சேர்த்துவிட்டேன். இப்போது மற்ற முதலாளிகளும் ஆள் கேட்டு மரத்தடிக்கு வருகிறார்கள். படிப்பு கேட்பதில்லை, யாரைத் தெரியும் என்று கேட்பதில்லை, எந்தக் குலம் என்று மட்டும் கேட்கிறார்கள். சட்டம் படித்துப் பட்டம் வாங்கிய ஒருவர் எங்கள் மரத்தடியில் இருந்தார். அவர் குலத்துக்கும் இந்தத் தெருவுக்கு வருகிறவர்களுக்கும் கேலிமுறை இல்லை. பாவம், இப்போது தனியாகத் தேநீர் கொதிக்க வைக்கிறார்.

சில பேர் சிரித்து முடித்த பிறகும் நகராமல் நிற்பார்கள். அவர்களுக்கு இன்னொரு தடவை சொல்வேன். அப்புறம் போய்விடுவார்கள்.

ஆக, நேர்மையான வேலைதான். கிணற்றடியில் தலை நிமிர்ந்து சொல்லுங்கள். காளைகள் இரண்டும் ஒன்றாக ஓய்வெடுப்பது நல்ல ஒற்றுமை.

உங்கள் தம்பி,
சூமானா


கோலோபுகு, ஏப்ரல் 25

தம்பி சூமானாவுக்கு,

சமாதானம். அதிகம் எழுத நேரமில்லை.

நமக்கு வேண்டியவர் யாராவது வாசலுக்கு வந்தால் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு குவளை தண்ணீர் கொடு. என்ன காரியமாக வந்தீர்கள் என்று கேள். அக்கா கேட்கிறேன்.

உன் மச்சான் சைக்கிளை விற்றுவிட்டார். நடந்தால் உடம்புக்கு நல்லது என்கிறார்.

வாசா


பமாகோ, மே 14

அன்புள்ள அக்கா,

சமாதானமா? நான் இன்னும் சிரிப்பு அடங்காமல் இருக்கிறேன். மச்சான் வருகிறார் என்று எனக்கு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

திங்கட்கிழமை காலை, வரிசையில் கல்யாண அங்கி போட்டுக்கொண்டு ஒருவர் நிற்கிறார். யாரோ மாப்பிள்ளை வழி தவறி வந்துவிட்டார் என்று பார்த்தால், நம் மச்சான். உங்கள் கல்யாணத்துக்குப் போட்ட அதே அங்கி, கழுத்தில் பூ வேலை செய்தது. துவைத்து மடித்த கோடுகூட அப்படியே இருந்தது. தண்ணீர் கொடுக்கச் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அக்கா, மாடியில் ஹாஜியார், முன்னால் அத்தனை கூட்டம், எதிரில் சொந்த மச்சான். குலத்தாலும் கேலிமுறை, உங்களாலும் கேலிமுறை. என் வாயை நான் எப்படிப் பிடித்து நிறுத்துவேன்?

“ஹாஜியார், ஓடி வாங்க. காராமணிக்கும் கல்யாணமாம், மாப்பிள்ளையே நேர்ல பத்திரிகை வைக்க வந்திருக்காரு” என்றேன்.

மச்சான் ஒரு நொடி என்னைப் பார்த்தார். அப்புறம் விட்டாரே பார்க்கலாம். “ஆமாடா, பொண்ணு உங்க வீட்டுலதான் எடுத்தேன். சீதனமா ஒரு கழுதை தரேன்னாங்க. அந்தக் கழுதை பட்டணத்துல நீல அங்கி போட்டுக்கிட்டு நிக்குதுன்னு கேள்விப்பட்டு ஓட்டிட்டுப் போக வந்தேன்.”

கூட்டம் கைதட்டியது. ஹாஜியார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, தெருவே நின்றுவிட்டது. கெய்த்தா தன் குலிபாலிகளை மறந்துவிட்டு வந்து வேடிக்கை பார்த்தான். கடைசியில் ஹாஜியார் மேலேயிருந்து, மரியாதைக்குக் கொடுக்கிற கோலாக் கொட்டைப் பொட்டலம் ஒன்றை வீசினார். மச்சான் அதை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து, சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்கு அன்று ஹாஜியாரிடமிருந்து இனாம் கிடைத்தது.

எதற்கு வந்தார் என்று மட்டும் தெரியவில்லை. கேட்கத்தான் வாயைத் திறந்தேன், இன்னொரு கேலி முந்திக்கொண்டு வந்துவிட்டது. அவர் ஊருக்கு வந்து சொல்லியிருப்பார், நீங்களும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பீர்கள். என்ன காரியமென்று எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
சூமானா


பமாகோ, ஜூன் 3

அன்புள்ள அக்கா,

சமாதானமா? போன கடிதத்துக்குப் பதில் இல்லை. பஸ் ஓட்டுநரைக் கேட்டேன், கையிலேயே கொடுத்ததாகச் சொல்கிறார். அந்தக் கழுதைக் கேலியை இங்கே இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று மச்சானிடம் சொல்லுங்கள். அவருக்குச் சந்தோஷமாக இருக்கும்.

பிள்ளைகளுக்குக் காய்ச்சலா? இல்லை என் மேல் ஏதாவது கோபமா? ஒரு வரி போதும். காளைகள் எழுந்துவிட்டனவா? மழைக் காலம் வருகிறதே.

சூமானா


கோலோபுகு, ஜூன் 9

தம்பி சூமானாவுக்கு,

சமாதானம். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இல்லை.

காளைகள் எழவில்லை. ஜனவரி மாதத்துக் குளிரில் வெள்ளைக்காளை செத்தது. அதே நோயில் கருங்காளையும் போனது. உன் வேலை நிலைக்கட்டும், அதற்குள் பாரத்தை ஏற்றக் கூடாது என்று நான்தான் ஓய்வு என்று எழுதினேன். நீ புரிந்துகொண்டு கேட்பாய் என்றும் கொஞ்சம் நினைத்தேன்.

உன் மச்சான் உன் ஹாஜியாரிடம் தானம் கேட்க வரவில்லை. மழை வரும் வரைக்கும் கிடங்கில் மூட்டை தூக்குகிறேன், அறுப்பு முடிந்ததும் திரும்ப வந்து மிச்சத்துக்கும் தூக்குகிறேன், அதற்கு ஈடாக ஒரு ஜோடி மாட்டுக்கு வழி செய்யுங்கள் என்று கேட்க வந்தார். சைக்கிளை விற்றுப் பஸ்ஸுக்கு வைத்துக்கொண்டார். பெரிய மனிதர் முன்னால் நிற்பதற்கு அந்த அங்கியைத் தவிர அவருக்கு வேறு இல்லை. அதை நான்தான் துவைத்தேன். பஸ்ஸில் வழி முழுக்க என்ன பேசுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாராம்.

திரும்பி வந்த அன்று சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாக் கேலியையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. அப்புறம் களியைத் தொடாமல் எழுந்து கொட்டில் பக்கம் போனார். நானும் பின்னால் போனேன். காலிக் கொட்டிலில் முளைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அவனைக் குத்தம் சொல்லாத வாசா. அவன் வேலைய அவன் நல்லாத்தான் செஞ்சான். சிரிச்சு முடிச்ச மனுஷன் அதுக்கப்புறம் எப்படிக் கைய நீட்டுவான்?” என்றார்.

இப்போது மேகம் கூடிவிட்டது. நானும் அவரும் பிள்ளைகளும் மண்வெட்டியால் கொத்துகிறோம். கம்புக்குப் போதும். பருத்திக்குப் போதாது. பருத்தி இல்லாவிட்டால் அடுத்த வருஷம் நாங்களும் பமாகோவுக்கு வந்து யாராவது ஒருவர் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

உன்னிடம் கோபப்பட எனக்கு உரிமை உண்டு. நான் திராவோரே இல்லை, உன்னோடு பிறந்த ஜாரா. ஆனாலும் கோபம் இல்லை. வருத்தமாக இருக்கிறது.

வாசா


பமாகோ, ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கும், அக்கா சொல்லித்தான் கேட்பார் என்றால் மச்சானுக்கும்.

உங்கள் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன். அன்று வந்த திராவோரேக்கள் எல்லோரும் நேராக உள்ளே போனார்கள். எனக்கு வாய் வரவில்லை. “என்ன ஜாரா, காராமணி தொண்டையில சிக்கிருச்சா?” என்று ஹாஜியார் மேலேயிருந்து கேட்டார். மறுநாளும் அப்படியே. மூன்றாவது நாள் கணக்கர் வந்து, இப்படியே போனால் ஹாஜியார் வேறு ஜாரா பார்க்கப்போகிறார், பமாகோவில் ஜாராவுக்குப் பஞ்சமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் நீல அங்கியை மடித்து வைத்துவிட்டேன்.

அதற்குள் ஹாஜியாரின் பெரியம்மா மௌத்தானார். அவரை வளர்த்தவர். ரொம்ப வயது, நல்ல சாவு. நகரத்து முதலாளிகள் எல்லோரும் ஜனாஸாவுக்கு வந்துவிட்டார்கள், அவர்கள் வாசல்களில் நிற்கிற எங்கள் ஆட்களும் வந்துவிட்டார்கள். திராவோரே வீட்டுச் சாவு என்றால் ஜாராவுக்கு என்ன உரிமை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கபர்க்குழி தோண்டி முடித்ததும், கேட்டது கிடைக்கும் வரை எழ மாட்டேன் என்று நான் உள்ளே குதித்துப் படுத்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். வழக்கம்போல இரண்டு கோலாக் கொட்டையை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவேன் என்று நினைத்தார்கள்.

“எந்திரி ஜாரா, கொட்டை தரேன்” என்றார் ஹாஜியார்.

வேண்டாம் என்றேன். புது அங்கி தருகிறேன் என்றார். இங்கே குளிர்ச்சியாக இருக்கிறது, காராமணி தின்ற வயிற்றுக்கு இதமாக இருக்கிறது, நீங்கள் கிழவியை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மேலே சிரிப்பு தாங்கவில்லை. கெய்த்தா அழுகிறவன் போலக் குழி விளிம்பில் உட்கார்ந்து எனக்காக ஒப்பாரி வைத்தான்.

“உனக்கு என்னதான்டா வேணும்?” என்றார் ஹாஜியார்.

“உழவு மாடு, ஒரு ஜோடி” என்றேன். “எனக்கில்ல. கோலோபுகுல ஒரு திராவோரே இருக்காரு. உங்க ஆளு. மூட்டை தூக்கிக் கழிச்சிக்கிறேன்னு கேக்கத்தான் கல்யாண அங்கி போட்டுக்கிட்டு உங்க வாசலுக்கு வந்தாரு. அவரை நான் பேசவே விடல. நீங்க மேலேருந்து கொட்டை வீசுனீங்க.”

அப்போது யாரும் சிரிக்கவில்லை அக்கா. மண்ணில் மல்லாந்து கிடந்தேன், வானம் மட்டும் தெரிந்தது. நான் விளையாட்டில்லாமல் பேசி அவர்கள் கேட்டதே இல்லை. நானும் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தில் மண் விழுந்ததாகக் காட்டிக்கொண்டேன்.

இமாம்தான் முதலில் வாயைத் திறந்தார். “ஹாஜியார், வெயில் ஏறுது. பெரியம்மாவை ரொம்ப நேரம் காக்க வைக்கக் கூடாது.”

ஹாஜியார் குழிக்குள் எட்டிப் பார்த்தார். கேலிமுறைக்காரன் கேட்டதைக் குழி விளிம்பில் வைத்து மறுத்தவன் என்று பெயர் எடுத்தால் அது பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் போகாது. “தரேன்டா. எந்திரி, திருட்டு ஜாரா” என்றார். இரண்டு தடவை சொல்ல வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது காருக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். வேலை போனது என்று தயாராகத்தான் போனேன். “நாளைக்குக் காலையில வாசலுக்கு வந்துடு. உன்னைத் தொரத்திட்டா என் ஜனாஸாவுக்குக் குழியில யாரு படுப்பா?” என்றார். அப்புறம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே, “அந்த ஆளு நல்லாப் பேசினாரு. கழுதைன்னாரே” என்று சிரித்தார்.

இப்போது வருகிறவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுக்கிறேன், எதற்கு வந்தீர்கள் என்று கேட்கிறேன். அப்புறம்தான் திட்டுகிறேன். சாயங்காலம் ஹாஜியாரிடம் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பெரும்பாலும் காது கேட்காதவர் போலத்தான் இருக்கிறார். ஒன்றிரண்டு கேட்கிறது. கெய்த்தா இதை வீண் வேலை என்கிறான். வரிசை நீண்டுகொண்டே போகிறது.

மாடுகள் சிமெண்டு லாரியில் வருகின்றன. பிடித்துக் கட்டிக்கொள்ளுங்கள். மச்சானிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே ஏதாவது சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
சூமானா


கோலோபுகு, ஜூலை 6

அன்புத் தம்பி சூமானாவுக்கு அக்கா வாசா எழுதுவது.

இங்கே எல்லோரும் சமாதானம். பிள்ளைகள் சமாதானம், மேட்டு நிலம் சமாதானம், கொட்டில் நிறைந்து சமாதானம். உன் பல், உன் முதுகு, குழிக்குள் கிடந்த உன் உடம்பு எல்லாம் சமாதானமா?

லாரி வந்தபோது பாதி ஊர் சாலைக்கு வந்துவிட்டது. சிமெண்டுத் தூசியில் இரண்டு மாடும் ஒரே நிறமாக இருந்தன. குளிப்பாட்டிய பிறகுதான் ஒன்று செவலை, ஒன்று புள்ளி என்று தெரிந்தது. உன் மச்சானே பெயர் வைத்தார். அமைதியாகத் தலையைக் குனிந்து இழுக்கிற செவலைக்கு ஹாஜியார் என்று பெயர். கொட்டில் வாசலில் நின்றுகொண்டு வருகிறவர் போகிறவரைப் பார்த்துக் கத்துகிற புள்ளிமாட்டுக்குச் சூமானா என்று பெயர். தினமும் காலையில் அதைப் பெயர் சொல்லித் திட்டித்தான் நுகத்தில் பூட்டுகிறார். பருத்தி விதைத்துவிட்டோம்.

உன் கடைசிக் கடிதத்தை அவருக்கு வாசித்தேன். குழியில் படுத்த இடம் வந்ததும் எழுந்து போய்விட்டார். அப்புறம் வந்து, இன்னொரு தடவை வாசி என்றார். நன்றி என்று ஒரு வரி சேர்த்து எழுதட்டுமா என்று கேட்டேன்.

“திராவோரே ஒருத்தன் ஜாராவுக்கு நன்றி சொன்னதா எங்க குலத்துலயே கிடையாது. எழுதாத” என்றார்.

சரி என்று விட்டுவிட்டேன். நேற்று உழவு முடித்து வந்து கை கால் கழுவினார். காராமணி வேக வை என்றார். வைத்தேன். கதவைச் சாத்தப் போனேன். வேண்டாம், திறந்தே இருக்கட்டும் என்றார். சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்து நடுவில், போகிற வருகிற எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்தார். அந்தக் கல்யாண அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு ஜாராக்கள் வேலிக்கு மேல் தலையை நீட்டினார்கள். பாகோரோ வந்து பார்த்துவிட்டு வேலி ஓரமாக உட்கார்ந்துவிட்டான். அவர் யாரையும் பார்க்கவில்லை. நிதானமாக, ஒரு மணி விடாமல் தின்றார். சட்டியை விரலால் வழித்து நக்கிவிட்டு என்னிடம் நீட்டினார்.

“இத எழுது” என்றார்.

எழுதிவிட்டேன்.

அக்கா,
வாசா